யாருடைய தப்பு?

கண்ணாடி பவர் மாற்றுவதற்காக ஒரு கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நர்ஸ் சொட்டு மருந்து விட்டு, "அரை மணி நேரம் கண்ணைத் திறக்கக் கூடாது சார்" என்று பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுப் போய்விட்டார். கண்ணை மூடினால் காது தானாகத் திறந்துகொள்கிறது. பக்கத்தில் ஒரு பாட்டியின் குரல்.

"மாசமா இருக்கறப்ப, கிரகணத்தன்னிக்கு வெளியில போகாதடின்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாளா? இப்ப யாரு அனுபவிக்கிறது? புள்ளை!"

பாட்டி தண்ணீர் குடிக்க எழுந்து போனதும் ஒரு இளம்பெண்ணின் குரல், ரொம்பத் தணிந்து. "சார்... கொடியில காயற துணியை எடுக்க ரெண்டே நிமிஷம்தான் சார் வெளிய போனேன். அதனாலயா வரும்?"

பையனுக்கு இரண்டு வயது. விழித்திரையில் புற்றுநோய். ஒரு கண்ணை எடுத்தாகிவிட்டது. இன்னொரு கண்ணைப் பரிசோதிக்க வந்திருக்கிறார்கள்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. கிரகணத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே கிடையாது" என்றேன். கண்ணை மூடிக்கொண்டு தைரியம் சொல்வது சுலபம்.

"அப்ப எதனால சார்?"

நான் வாயைத் திறப்பதற்குள் பையனை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூப்பிடாமல் இருந்திருந்தாலும் என்னிடம் பதில் இல்லை. ஒரு அம்மாவிடமிருந்து ஒரு காரணத்தைப் பிடுங்கிவிட்டு, பதிலுக்குக் கையில் எதையும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேன். அது உறுத்திக்கொண்டே இருந்தது. அப்புறம் சில வாரங்கள் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வாயில் கேன்சர், மார்பில், குடலில், நுரையீரலில், ரத்தத்தில்... எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இதயத்தில் கேன்சர் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? அபூர்வத்திலும் அபூர்வம். அப்படி என்ன வரம் வாங்கி வந்திருக்கிறது இதயம்?

இதயத் தசையின் செல்கள் (பாக்கெட்டில் சிணுங்குகிற செல் இல்லை!) நாம் பிறந்த கொஞ்ச காலத்திலேயே இரண்டாகப் பிரிவதை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. 2009-ல் ஸ்டாக்ஹோமில் உள்ள கரோலின்ஸ்கா இன்ஸ்டிட்யூட்டில் யோனாஸ் ஃபிரிசென் குழுவினர் இதைக் கணக்குப் போட்ட விதம் அலாதி. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வல்லரசுகள் போட்டி போட்டுக்கொண்டு அணுகுண்டு வெடித்துப் பார்த்தார்கள் அல்லவா? அதில் காற்றில் கார்பன்-14 எகிறியது. 1963 ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக இறங்கியது. ஒரு செல் பிறக்கும்போது அந்த வருஷத்துக் காற்றின் கார்பன் அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்துவிடும். தபால் ஆபீஸில் தேதி முத்திரை குத்துகிற மாதிரி! இறந்தவர்களின் இதயத்திலிருந்து அந்த முத்திரையைப் படித்தார்கள். இருபத்தைந்து வயதில் வருஷத்துக்கு நூற்றுக்கு ஒரு செல்தான் புதுசு. எழுபத்தைந்து வயதில் அரை கூடத் தேறவில்லை. ஆயுசு முழுக்கக் கூட்டினாலும் பாதிக்கு மேல் நம்முடன் பிறந்த பழைய செல்கள்தான். அத்தனை குண்டு வெடித்ததில் விளைந்த ஒரே நல்ல காரியம் இதுவாகத்தான் இருக்கும்.

குடல் இதற்கு நேர் எதிர். அதன் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாளில் முழுசாக மாறிவிடுகிறது. ரத்தம், குடல், தோல் எல்லாம் சேர்த்து நம் உடம்பு ஒரு நாளில் சுமார் 33,000 கோடி செல்களைப் புதிதாகச் செய்கிறது. இந்தக் கட்டுரையை நீங்கள் படித்து முடிப்பதற்குள்ளேயே நூறு கோடிக்கு மேல். ஒவ்வொரு முறை ஒரு செல் இரண்டாகும்போதும், 300 கோடி எழுத்துள்ள ஒரு புத்தகத்தை, அதுவும் அம்மா கொடுத்த பிரதி, அப்பா கொடுத்த பிரதி என்று இரண்டையும் நகலெடுத்தாக வேண்டும். ப்ரூஃப் பார்க்கிறவர்களும் உள்ளேயே இருக்கிறார்கள். பிரமாதமாகத்தான் பார்க்கிறார்கள். அப்படியும் சில பிழைகள் தப்பிவிடுகின்றன. பத்திரிகை நடத்துகிறவர்களுக்கு இந்த வேதனை புரியும்.

இந்த நகலெடுப்பை எப்போது ஆரம்பிப்பது, எங்கே நிறுத்தி சரிபார்ப்பது என்பதற்கான சாவிகளைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2001-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். மூன்று பேருமே மனித உடம்பில் ஆரம்பித்தவர்கள் இல்லை. அமெரிக்காவின் லேலண்ட் ஹார்ட்வெல் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இங்கிலாந்தின் பால் நர்ஸ் வேறு ஒரு ஈஸ்ட்டை, கிழக்கு ஆப்பிரிக்காவின் தினை பீரில் கண்டெடுத்த வகையை. டிம் ஹண்ட் 1982-ல் கடல் முள்ளெலியின் முட்டைகளை. 1987-ல் பால் நர்ஸின் ஆய்வகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. பிரிவதற்கான ஜீன் பழுதான ஈஸ்ட்டுக்குள் மனித ஜீன்களைப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு மனித ஜீன் கச்சிதமாகப் பொருந்தி, ஈஸ்ட் மறுபடி பிரிய ஆரம்பித்துவிட்டது! நூறு கோடி வருஷத்துக்கு முன்னாலேயே பாகம் பிரிந்து போன பங்காளிகள் நாமும் ஈஸ்ட்டும். பூட்டும் சாவியும் மட்டும் இன்னும் அதேதான்.

எனக்கு இங்கேதான் பொறி தட்டியது. பிரிவது ரொம்பப் பழைய தொழில். தீனி கிடைத்தால் ஈஸ்ட் பிரியும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். பல செல்கள் சேர்ந்து ஒரு உடம்பாக வாழ ஆரம்பித்த பிறகு வந்த புதுப் பழக்கம், பிரியாமல் இருப்பது. ஒரு செல் ஒரு வேலையைக் கற்றுக்கொள்கிறது. துடிப்பது, கேட்பது, நிறம் பார்ப்பது என்று ஒரே ஒரு வேலை. கற்றுக்கொள்ளும்போதே பிள்ளை பெறும் உரிமையை விட்டுக்கொடுக்கிறது. நம் உடம்பின் முப்பது லட்சம் கோடி செல்களும் இந்த ஏற்பாட்டுக்குக் கட்டுப்பட்டு இருப்பதால்தான் நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஏதோ ஒன்றில் கட்டு அறுந்தால், அது புதுசாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. பழசுக்குத் திரும்புகிறது.

மேடைகளில் சில பேர், தங்களுக்குப் பிடிக்காத கூட்டத்தைக் காட்டி, 'இவர்கள் சமூகத்தின் புற்றுநோய்' என்று முழங்குவார்கள். வெளியிலிருந்து வந்தவர்கள், வெட்டி எறிய வேண்டியவர்கள் என்பது அர்த்தம். அரசியல் இருக்கட்டும், விஞ்ஞானமே தப்பு! புற்றுநோய்ச் செல் வெளியிலிருந்து வருவதே இல்லை. சொந்த வீட்டுப் பிள்ளை.

சரி, அப்படியானால் எல்லா செல்லையும் இதயச் செல் மாதிரி 'கப்சிப்'பென்று உட்கார வைத்துவிட்டால் கேன்சரே வராதே? நீங்கள் கேட்பது புரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஹார்ட் அட்டாக் வந்தவரைக் கேளுங்கள். ஒரு பெரிய அட்டாக்கில் நூறு கோடி இதயச் செல்கள் வரை செத்துப்போகும். அந்த இடத்தில் தசை மறுபடி முளைப்பதில்லை, வெறும் தழும்புதான். வெங்காயம் நறுக்கும்போது விரலை வெட்டிக்கொண்டால் ஒரு வாரத்தில் ஆறிவிடுகிறது, ஏன்? தோலுக்குப் பிரியத் தெரியும். தோலில் கேன்சர் வருவதும் அதனால்தான். காதைப் பாருங்கள். ஒவ்வொரு காதுக்குள்ளும் சுமார் 15,000 முடி செல்கள் ஒலியைப் பிடிக்கின்றன. அதிக சத்தத்தில் போனால் போனதுதான். கோழிக்குப் போனால் மறுபடி முளைக்கும், நமக்கு முளைக்காது. 2005-ல் பாஸ்டனில், எலியின் காதிலிருந்து ஒரு பிரேக் ஜீனை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். வேலை கற்று அடங்கிவிட்ட முடி செல்கள் பிரிய ஆரம்பித்தன! காது கேளாதவர்களுக்கெல்லாம் விடிவு வந்துவிட்டது என்று பார்த்தால், அடுத்த வருஷமே மிச்சக் கதையும் வந்தது. பிரேக் இல்லாத அந்தச் செல்கள் நாளடைவில் சிதைந்து, எலிகள் செவிடாகிவிட்டன.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறார்கள். பி-53 என்று ஒரு ஜீன். டி.என்.ஏ.வில் பழுது கண்டால் செல்லை நிறுத்துவதோ சாகடிப்பதோ அதன் வேலை. 2002-ல் அமெரிக்காவில் ஹூஸ்டனில், அந்த ஜீன் அளவுக்கு மீறிச் சுறுசுறுப்பாக வேலை செய்யும் எலிகளை ஆராய்ந்தார்கள். எதிர்பார்த்தபடியே கேன்சர் குறைவு. ஆனால் முதுமை சீக்கிரமே வந்துவிட்டது. எலும்பு தேய்ந்து, தோல் மெலிந்து, காயம் ஆற நாளாகி, மற்ற எலிகளைவிட முன்னதாகவே செத்தன. நியாயமாக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அதே வருஷம் ஸ்பெயினில், தேவைப்பட்டபோது மட்டும் வேலை செய்கிற மாதிரி அதே ஜீனைக் கூடுதலாகக் கொடுத்த எலிகளுக்குக் கேன்சரும் குறைந்தது, முதுமையும் முந்தவில்லை. யானைக்கு இந்த ஜீன் இருபது ஜோடி, நமக்கு ஒரே ஜோடி என்று 2015-ல் கண்டுபிடித்தார்கள். அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு யானைக்குக் கேன்சர் குறைவாக வருவதற்கு அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். ஆக, பேரத்தில் கொஞ்சம் இழுபறி உண்டு. பேரமே இல்லாமல் தப்பிக்க மட்டும் வழியில்லை.

பெஞ்சுக்குத் திரும்பலாம். காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்களே ஒரு பிரேக் ஜீன், அதன் பெயர் ஆர்.பி. அந்தப் பையனுக்கு வந்த நோயின் பெயரான ரெட்டினோபிளாஸ்டோமாவிலிருந்து வந்த பெயர்தான் அது. சுமார் 15,000 முதல் 20,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும் நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குள்.

ஹூஸ்டனில் ஆல்ஃபிரட் நட்சன் என்று ஒரு டாக்டர். இந்த நோய் வந்த 48 குழந்தைகளின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டு, எந்த வயதில் வந்தது, ஒரு கண்ணிலா இரண்டிலுமா என்று வரைபடம் போட்டார். லேபரட்டரி இல்லை, எலி இல்லை. பேப்பரும் கணக்கும்தான். 1971-ல் அவர் சொன்ன விடையை சைக்கிள் பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு செல்லிலும் முன் பிரேக், பின் பிரேக் என்று இரண்டு. ஒன்று அறுந்தாலும் இன்னொன்று காப்பாற்றும். இரண்டும் அறுந்தால்தான் விபத்து. சில குழந்தைகள் எல்லா செல்லிலும் ஒரு பிரேக் அறுந்த நிலையிலேயே பிறக்கின்றன. இன்னொன்று எங்காவது ஒரு செல்லில் போனால் போதும். அதனால் சீக்கிரம் வரும், பெரும்பாலும் இரண்டு கண்ணிலும் வரும். மற்ற குழந்தைகளுக்குப் பிறக்கும்போது இரண்டும் சரியாகவே இருக்கின்றன. ஒரே செல்லில், தற்செயலாக, இரண்டுமே போகின்றன. 15 வருஷம் கழித்து, 1986-ல் அந்த ஜீனையே பிடித்துவிட்டார்கள். நட்சன் சொன்னது சரி!

எந்தச் செல்லில் ஆரம்பிக்கிறது என்பதையும் 2014-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். நிறம் பார்க்கும் கூம்பு செல்லாக ஆகிக்கொண்டிருக்கும் செல். வேலையைப் பாதி கற்றுக்கொண்டிருக்கும் பருவம். அந்த நேரத்தில் பிரேக் இல்லாவிட்டால் அது அடங்காமல் பிரிந்துகொண்டே போகிறது.

இப்போது அந்தப் பெண்ணின் கேள்விக்கு வருகிறேன். நூறில் சுமார் அறுபது குழந்தைகளுக்கு இது அப்பா, அம்மா யாரிடமிருந்தும் வரவில்லை. குழந்தையின் விழித்திரையிலேயே, ஏதோ ஒரு செல் நகலெடுக்கும்போது நடந்த பிழை. மீதி நாற்பது பேருக்கு ஒரு பிரேக் பிறவியிலேயே அறுந்திருக்கிறது. அதிலும் பெரும்பாலானோரின் குடும்பத்தில் யாருக்கும் முன்பு இந்த நோய் கிடையாது. கருவான முட்டையிலோ விந்தணுவிலோ புதிதாக நேர்ந்த பிழை. எதில் என்று கேட்டால், பெரும்பாலும் விந்தணுவில்!

காரணம் மறுபடியும் அதே கதை. பெண்ணின் முட்டைகள், அவள் தன் தாயின் வயிற்றில் இருக்கும்போதே எண்ணிக்கையில் பெருகுவதை நிறுத்திவிடுகின்றன. ஆணின் விந்தணுக்களைச் செய்யும் செல்கள் ஆயுசு முழுக்கப் பிரிந்துகொண்டே இருக்கின்றன. எவ்வளவு நகலோ அவ்வளவு பிழை.

ஒப்புக்கொள்கிறேன், இதைப் படித்தபோது ஒரு குரூர சந்தோஷம் வந்தது. அந்தப் பாட்டியைத் தேடிப்போய், 'உங்க பிள்ளைகிட்டேர்ந்து வந்திருக்கவும் சான்ஸ் இருக்கு பாட்டி' என்று போட்டுவிட்டு வரலாமா என்று. அப்புறம் வெட்கமாக இருந்தது. ஒரு முதுகிலிருந்து மூட்டையை இறக்கி இன்னொரு முதுகில் ஏற்றுவதற்கா இவ்வளவு படித்தேன்? அந்த அப்பன் என்ன செய்தான், பாவம். அவன் உடம்பு ஆண் உடம்பு செய்வதைச் செய்தது. ஒருவரைக் குற்றவாளி என்று சொல்ல வேண்டுமானால், அவர் வேறு மாதிரி நடந்திருக்க முடியும் என்று இருக்க வேண்டும் இல்லையா? 300 கோடி எழுத்தில் ஒன்று பிசகியதற்கு எவர் வேறு மாதிரி நடந்திருக்க முடியும்?

இந்த வாதத்தை இஷ்டத்துக்கு நீட்டவும் கூடாது. 2015-ல் பால்டிமோரைச் சேர்ந்த பெர்ட் வோகல்ஸ்டைனும் கிறிஸ்டியன் டொமாசெட்டியும் 31 வகைத் திசுக்களைக் கணக்கெடுத்து, ஸ்டெம் செல் அதிக முறை பிரியும் திசுவில் கேன்சரும் அதிகம் என்று காட்டினார்கள். 'கேன்சர் என்பது துரதிர்ஷ்டம்தான்' என்று பேப்பர்களெல்லாம் தலைப்புப் போட்டன. சிகரெட் கம்பெனிக்காரர்கள் ஃப்ரேம் போட்டு மாட்டியிருப்பார்கள்! சீக்கிரமே வேறு விஞ்ஞானிகள் மறுத்து, வெளிக் காரணங்களுக்குத்தான் பெரும் பங்கு என்று கணக்குக் காட்டினார்கள். அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. புகையிலை கேன்சர் தரும் என்பதை 1950-லேயே லண்டனில் டாலும் ஹில்லும் காட்டிவிட்டார்கள். தெரிந்தே விற்றவர்களும் விற்க விட்டவர்களும் வேறு மாதிரி நடந்திருக்கலாம். அங்கே குற்றம் என்ற வார்த்தைக்கு இடம் இருக்கிறது. கொடியில் துணி எடுக்கப் போன பெண்ணிடம் இல்லை.

பின் ஏன் நாம் பாவத்தையே தேடுகிறோம்? பாவம் என்று ஒன்று இருந்தால் பரிகாரம் என்று ஒன்று இருக்கும். அடுத்த குழந்தைக்கு வராமல் பார்த்துக்கொள்ளலாம். 'தற்செயல்' என்ற வார்த்தைக்குப் பரிகாரமே இல்லை, அதை யாரால் தாங்க முடியும்? பாட்டி பொல்லாதவர் இல்லை, பயந்து போயிருக்கிறார்.

அந்தப் பயத்துக்கு ஒரு பதில் இருக்கிறது. குழந்தையின் ஜீனைப் பரிசோதித்தால், பிறவியிலேயே அறுந்த பிரேக்கா இல்லையா என்பதை அநேகமாகச் சொல்லிவிடலாம். அறுந்ததென்றால் அடுத்த குழந்தையைப் பிறந்த உடனே பார்த்து, அடிக்கடி பார்த்து, கட்டி கடுகளவு இருக்கும்போதே லேசரில் முடித்துவிடலாம். கண்ணும் பிழைக்கும். பணக்கார நாடுகளில் இந்த நோய் வந்த குழந்தைகளில் நூறுக்கு 95-க்கு மேல் பிழைக்கிறார்கள். ஏழை நாடுகளில் அவ்வளவு பேர் பிழைப்பதில்லை. முக்கியக் காரணம், டாக்டரிடம் வருவதற்கே தாமதமாகிவிடுகிறது. காசில்லாமல் தாமதம், தூரத்தால் தாமதம், வெளியில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சத்தால் தாமதம். 'யார் செய்த பாவம்' என்று வீட்டுக்குள் பேசிக்கொண்டிருக்கும் நாட்களையும் கட்டி சும்மா விடுவதில்லை, பிரிந்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் வீட்டுக் குழந்தையை ஃப்ளாஷ் போட்டு எடுத்த போட்டோக்களைப் பாருங்கள். கண்ணின் நடுவில் சிவப்பாகத் தெரிவது சாதாரணம். ஒரு கண்ணில் மட்டும் திரும்பத் திரும்ப வெள்ளையாக, பூனைக் கண் மாதிரி மின்னினால் மறுநாளே கண் டாக்டரிடம் காட்டுங்கள். வேறு சாதாரண காரணமாகவும் இருக்கலாம். அதை டாக்டர் சொல்லட்டும். நல்ல நாள் பார்க்க வேண்டாம்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்குப் பையனை உள்ளே கூப்பிட்டபோது தூக்கிக்கொண்டு போனது பாட்டிதான். எனக்குக் கண் மூடியிருந்தது, குரல்தான் கேட்டது. "முட்டியைச் சொறியாதடா தங்கம். பொருக்கைப் பிச்சுடாத. இப்பதான் ஆறிக்கிட்டு வருது..."